அடித்தால் திரும்பும் திருப்புளி: இறுகிப்போன ஸ்க்ரூக்களோடு ஒரு மாதம்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற ஒரு பழைய ஜப்பானிய இரு ஸ்ட்ரோக் பைக்கைப் பிரிக்கத் தொடங்கியபோது, என்னைத் தடுத்து நிறுத்தியது இன்ஜினின் பக்கவாட்டு மூடிகளைப் பிடித்திருந்த 14 ஸ்டார் (கூட்டல் குறி வடிவப் பள்ளமுள்ள) ஸ்க்ரூக்கள். சாதாரணத் திருப்புளியால் முதல் ஸ்க்ரூவைத் திருக முயன்றதும் முனை குழியிலிருந்து மேலேறி வழுக்கியது. மூன்றாவது முயற்சியில் தலையின் பள்ளம் பாதி மழுங்கிவிட்டது. அதன் பிறகுதான் சுத்தியலால் அடித்து இயக்கும் கை இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கினேன். ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பின்பு எழுதும் மதிப்பீடு இது.

மின்சாரமோ காற்றழுத்தமோ இதற்குத் தேவையில்லை. கனமான எஃகு உறைக்குள் ஒரு தண்டு இருக்கிறது. சரிவாக வெட்டப்பட்ட பள்ளத்தின் வழியே தண்டு உறையோடு இணைந்திருப்பதால், உறையின் தலையில் சுத்தியலடி விழும்போது உறை கீழிறங்கி, தண்டைச் சில டிகிரி திருப்புகிறது. இந்தச் சிறு திருப்பத்தைவிட, அதே நொடியில் அடியின் வேகம் பிட்டை, அதாவது தண்டின் நுனியில் மாட்டும் திருப்புளி முனையை, ஸ்க்ரூவின் குழிக்குள் ஆழமாக அழுத்துவதே முக்கியமானது என்பது என் எண்ணம். கையால் திருகும்போது முனை மேலேறி வழுக்குவதற்குக் காரணம் கீழ்நோக்கிய அழுத்தம் போதாததுதான். இங்கே திருப்பும் விசை வரும் கணத்தில் அழுத்தமும் உச்சத்தில் இருக்கிறது. அடியின் அதிர்வு, மரைகளுக்கு இடையே கெட்டிப்பட்டிருக்கும் துருவையும் உடைக்கிறது.

கருவியைப் பாராட்டிவிட்டு, அதோடு வந்த பிட்களைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. பெட்டியில் இருந்த ஸ்டார் பிட்கள் பிலிப்ஸ் வடிவம் கொண்டவை. பழைய ஜப்பானிய பைக்குகளில் இருப்பவையோ ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தொழில் தரத்து ஸ்க்ரூக்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், பிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் குழியின் அடிவரை சென்று உட்காராது. பல ஜேஐஎஸ் ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சிறு புள்ளிக்குறி இருக்கும். அதைப் பார்த்தவுடன் பிட்டை மாற்றிவிடுவது நல்லது. தனியாக வாங்கிய மூன்றாம் எண் ஜேஐஎஸ் பிட்டைப் பொருத்தியதும், அதுவரை அடம்பிடித்த ஸ்க்ரூக்களில் நான்கு முதல் அடியிலேயே அசைந்தன. பிட்டைப் பிடிக்கும் முனை அரை அங்குலச் சதுரம் என்பதால், சாக்கெட்களையும் பொருத்தலாம். ஆனால் அடியைத் தாங்கும் இம்பாக்ட் வகைச் சாக்கெட்டாக இருக்க வேண்டும்.

அடிப்பதற்கு முன்பு, உறையை இடப்பக்கமாக இறுக்கித் திருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் தளர்வு அப்போதுதான் நீங்கும். இல்லாவிட்டால் அடியின் பெரும்பகுதி அந்தத் தளர்வை மூடுவதற்கே செலவாகிவிடும். இலேசான சுத்தியலால் பத்து முறை தட்டுவதைவிட, ஒரு கிலோ எடையுள்ள சுத்தியலால் ஒருமுறை நேராக அடிப்பது பயன்தருகிறது. கழற்றும் திசையில் அசையாத ஸ்க்ரூவை முதலில் இறுக்கும் திசையில் ஓர் அடி அடித்துவிட்டுத் திரும்பினால் சில சமயம் இளகுகிறது. இன்ஜின் சட்டத்திலிருந்து இறக்கப்படாமல் இருக்கும்போதே இந்த ஸ்க்ரூக்களை இளக்கிவிட வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். மேசை மீது வைத்த இன்ஜின் ஒவ்வோர் அடிக்கும் நகர்ந்து விசையை விழுங்கிவிட்டது.

கருவி மட்டும் போதும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். எஃகு ஸ்க்ரூவும் அலுமினிய மூடியும் ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது மின்வேதி அரிப்பு நிகழ்கிறது; உருவாகும் அலுமினிய ஆக்சைடு, அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரையை ஆப்புபோல் இறுக்குகிறது. முந்தைய இரவே ஊடுருவும் எண்ணெய் ஊற்றி வைத்த ஸ்க்ரூக்கள் எளிதாக வந்தன. பலரும் இதற்கு எடுக்கும் டபிள்யூடி-40 என்ற தெளிப்பு எண்ணெய், 1953-இல் ஈரத்தை விலக்கும் கலவையாக உருவானது. கைவசம் அதுதான் இருந்தால் உதவும், ஆனால் இதற்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெயையே நான் முதலில் எடுப்பேன்.

எண்ணெய்க்கும் அசையாதவற்றுக்கு வெப்பம் தேவைப்பட்டது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால் கிடைக்கும் கூடுதல் இடைவெளி சுமார் 7 மைக்ரான்தான் என்றாலும், ஆக்சைடின் பிடியைத் தளர்த்த அது போதுமானதாக இருந்தது. சூடேற்றும் முன் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுத்து, தீச்சுடருக்குப் பதிலாக வெப்பக்காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தினேன்.

இந்த மூன்றும் சேர்ந்து 14 ஸ்க்ரூக்களில் 12-ஐ விடுவித்தன. தலை முன்பே மழுங்கிப்போன ஒன்றையும், எத்தனை முறை அடித்தும் அசையாத மற்றொன்றையும், தலையைத் துளையிட்டு நீக்கி, மூடியைக் கழற்றி, வெளியே நீண்டிருந்த தண்டை இடுக்கியால் பிடித்துத் திருகினேன். மூடி போனதும் அவை கிட்டத்தட்ட விரலாலேயே வந்தன. தலையின் அடியில்தான் பிடிப்பு இருந்திருக்கிறது.

கார்புரேட்டர், பிரேக் திரவத் தொட்டியின் மூடி போன்ற மெல்லிய வார்ப்புகளுக்கு அருகில் இக்கருவியைக் கொண்டுசெல்லவே கூடாது. ஸ்க்ரூ திரும்பும் முன் வார்ப்பு விரிசல் விடும். தாங்குதலற்ற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூடியின் விளிம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடிக்கும்போது கண்ணாடி அணிவது கட்டாயம். உறையின் தலையில் பிசிறு கிளம்பத் தொடங்கினால் உடனே அரத்தால் தேய்த்துவிட வேண்டும். ஒரு மாதத்தில் என் கருவியின் தலை இலேசாகக் காளான்போல் விரிந்துள்ளது, உள்தண்டு மட்டும் புதிதாகவே இருக்கிறது.

நீண்ட அச்சுகளில் இதனால் பயனில்லை. பின்சக்கரக் கவையைச் சட்டத்தோடு இணைக்கும் அச்சு, தன் நீளம் முழுவதும் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நட் சுலபமாகக் கழன்றது, அச்சு இன்றும் அதே இடத்தில்தான். ஒவ்வொரு மாலையும் இரு முனைகளிலும் எண்ணெய் விட்டு வருகிறேன்.