ஆறு உடல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: ஆர்காம் நைட்டின் புரொஃபசர் பிக் மிஷன்

'பேட்மேன்: ஆர்காம் நைட்' என்ற வீடியோ கேம் வெளிவந்தது 2015 ஜூனில். அதன் சண்டையைப் பற்றியும் காரைப் பற்றியும் கதை முடிவைப் பற்றியும் எழுத வேண்டியதெல்லாம் எழுதப்பட்டுவிட்டது. அதில் சேர்ப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பல ஆண்டுகளாக இந்த டிஸ்க்கைக் கைவசம் வைத்திருப்பவன் என்ற முறையில் நான் எழுத விரும்புவது, புரொஃபசர் பிக் என்ற கொலைகாரனைத் தேடும் 'தி பெர்ஃபெக்ட் கிரைம்' என்ற ஒரே ஒரு சைட் மிஷனை (முக்கியக் கதைக்கு வெளியே வரும் பக்க வேலையை)ப் பற்றித்தான். அதன் முடிவையும் சேர்த்தே எழுதப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அண்மையில் என் பிளேஸ்டேஷன் 4-இன் டிஸ்க் டிரைவ் பழுதாகி, தருமபுரியிலேயே ஒரு கடையில் சரிசெய்யப்பட்டு வீடு திரும்பியது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் போட்ட டிஸ்க் இது. முன்பெல்லாம் டிவி ஸ்பீக்கரில்தான் விளையாடுவேன். வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருப்பதால் இம்முறை கன்ட்ரோலரில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு விளையாடினேன். இந்த மிஷனை முழுமையாக அறிந்துகொண்டது அப்போதுதான்.

இந்த மிஷனுக்கு வரைபடத்தில் குறி கிடையாது. இதன் சிறப்பு அங்கேயே தொடங்குகிறது. ஸ்கேர்குரோ என்ற வில்லனின் நச்சுவாயு மிரட்டலால் கோதம் நகரப் பொதுமக்கள் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். கதை முழுவதும் ஒரே இரவில் நடக்கிறது. தெருக்களில் எஞ்சியிருப்பவர்கள் குற்றவாளிகளும் கூலிப்படையினரும் சில காவலர்களும்தான். ஆகவே கூரைகளுக்கு மேலே மிதந்து செல்லும்போது மழை, காற்று, டிரோன்களின் இரைச்சல், எதிரிகளின் வயர்லெஸ் பேச்சு ஆகியவை மட்டுமே காதில் விழும். அந்த ஓசைகளுக்கு நடுவில், அந்த நகரத்துக்கும் அந்த நேரத்துக்கும் சற்றும் பொருந்தாத ஓர் ஓபரா இசை மெல்லக் கேட்கிறது. வேறு ஏதோ வேலையாகப் போய்க்கொண்டிருப்பவர் அதைப் பின்னணி இசை என்றே முதலில் எண்ணுவார். சிறிது தூரம் சென்றதும் அது தேய்ந்து மறையும். திரும்பி வந்தால் மீண்டும் கேட்கும். அந்த இசைக்கு நகரத்துக்குள் ஓர் இடம் இருக்கிறது என்பதும், யாரோ ஒருவர் அதை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதும் உறைக்கும் கணத்தில், திரையில் இன்னும் எதையும் பார்க்காத நிலையிலேயே அச்சம் தொடங்கிவிடுகிறது.

டிவி ஸ்பீக்கரில் விளையாடியபோது இசை கூடுவதும் குறைவதும் மட்டுமே தெரிந்தன. ஹெட்போனில் திசையும் தெரிகிறது. இடது காதில் கூடினால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இரு காதுகளிலும் சமமாக வரும்போது நேர் எதிரே இருக்கிறது என்று பொருள். கட்டிடத்தின் விளிம்பைக் கடந்து கீழே இறங்கும்போது இசை நம்மைச் சுற்றிக்கொள்கிறது. அம்புக்குறியும் தூரக் கணக்கும் காட்டி நம்மைக் கையைப் பிடித்து இழுத்துச்செல்லும் திறந்த உலக விளையாட்டுகளுக்கு நடுவில், காதை மட்டும் நம்பி ஒரு கொலைகாரனைத் தேடவைத்த, இந்த விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டெடி நிறுவனத்தாரின் துணிச்சலை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாக இருக்காது. முக்கிய வேடம் வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முகவீணையும் மத்தளமும் ஏறும். திரைக்குப் பின்னாலிருந்து வேடதாரியின் குரல் மட்டும் வரும். துரியோதனனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன் குரல் வந்து சேர்வதால், அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். லண்டனில் இருந்து வந்த ஒரு விளையாட்டு அதே அறிவோடு செயல்படுவதைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

இசையைத் தொடர்ந்து சென்றால் கிடைப்பது ஒரு மனித உடல். கொன்றவன் அதை ஒளித்து வைக்கவில்லை. பொம்மையைப் போல ஒப்பனை செய்து, பார்வைக்கு வைத்ததுபோல் நிறுத்தியிருக்கிறான். முகத்தைக் கொண்டு யார் என்று சொல்ல முடியாதபடி சிதைத்திருக்கிறான். இப்படி ஆறு உடல்கள் நகரமெங்கும் இருக்கின்றன. இதற்கு முந்தைய ஆர்காம் விளையாட்டுகளுக்கு விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி அமைப்பு 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான தரச்சான்று கொடுத்திருந்தது. ஆர்காம் நைட்டுக்கு 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான 'எம்' தரச்சான்று கொடுத்தது. காரணம் புரியாதவர்கள் இந்த உடல்களில் ஒன்றைப் பார்த்தால் போதும்.

என் எரிச்சலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளில் அது குறையவே இல்லை. உடலைக் கண்டதும் பேட்மேன் ஸ்கேனரை எடுக்கிறார். தோல், தசை, எலும்பு என்று மூன்று அடுக்குகளாக உடலை ஆராய்ந்து, ஒவ்வொரு அடுக்கிலும் மறைந்திருக்கும் அடையாளத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டும். முதல் உடலில் இது சரியாகவே இருக்கிறது. நெருங்கிப் பார்க்கத் தயங்கும் ஒன்றை நெருங்கிப் பார்க்கவைக்கிறது. ஒரு தடயவியல் மருத்துவர் தன் மனத்தை எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்வார் என்பதை விரல்களுக்கு உணர்த்துகிறது. இரண்டாவது உடலிலும் அதே மூன்று அடுக்குகள், மூன்றாவதிலும் அவையே. ஸ்டிக்கை மெல்ல நகர்த்தி, நிறம் மாறும் இடத்தைத் தேடி, பிடித்துக்கொண்டு காத்திருந்து, அடுத்த அடுக்குக்கு மாறி, மறுபடியும் நகர்த்த வேண்டும். ஒரு மனிதரின் உடலுக்கு முன்னால் நிற்கிறோம் என்ற உணர்வு போய், அடையாளம் எந்த மூலையில் இருக்கிறது என்ற அலுப்பு மட்டுமே மிஞ்சுகிறது. காதின் வழியாக அவ்வளவு பாடுபட்டு ஊட்டிய அச்சத்தை, கையின் வழியாக அவர்களே கரைத்துவிடுகிறார்கள்.

அடையாளம் கிடைத்ததும் இறந்தவர் யார் என்பது தெரியவருகிறது. பேட்மேன் ஓரிரு சொற்கள் பேசுகிறார். அவ்வளவுதான். காணாமற்போன அந்த மனிதரைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் யார், அந்தச் செய்தி அவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றி ஒரு குரல் பதிவாவது வைத்திருக்கலாம். இதே தொடரில் ஆர்காம் என்ற பைத்தியக்கார விடுதியின் நோயாளிகள் பலருக்கு நேர்காணல் ஒலிநாடாக்களை உருவாக்கியவர்கள் இவர்கள். கொலைகாரர்களைப் பேசவைத்த கவனத்தில் ஒரு பங்கைக் கொல்லப்பட்டவர்களுக்குக் கொடுத்திருந்தால், அந்த மூன்றடுக்குச் சோதனையை ஆறு முறை செய்யச் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இதே நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'ஆர்காம் சிட்டி'யில் விக்டர் ஸாஸ் என்ற தொடர்கொலைகாரன் பொதுத் தொலைபேசிகளில் அழைப்பான். எங்கோ மணி அடிக்கும். எடுத்தால் அவன் தன் கதையைச் சொல்வான். அடுத்த தொலைபேசிக்குக் குறித்த நேரத்துக்குள் ஓடவில்லையென்றால் ஒரு பிணைக்கைதி சாவார். சூதாட்டத்தில் பெங்குவின் என்ற வில்லனிடம் அனைத்தையும் இழந்தவன் எப்படிக் கத்தியைக் கையில் எடுத்தான் என்பதைத் தவணை முறையில் கேட்டுக்கொண்டே ஓடுவோம். அதுவும் ஒலியை நம்பிய மிஷன்தான். ஆனால் அங்கே கடிகாரம் நம்மை விரட்டிக்கொண்டே இருப்பதால் அச்சத்தைவிடப் பதற்றமே மேலோங்கும். புரொஃபசர் பிக்கின் மிஷனில் யாரும் விரட்டுவதில்லை. இசையைக் கேட்டும் கேளாததுபோல் கடந்து செல்ல முழு உரிமை இருக்கிறது. ஆனாலும் நாமே திரும்பிப் போகிறோம். அந்த வகையில் ஸாஸின் மிஷனைவிட இது பல படிகள் மேலே நிற்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் நண்பர் ஒருவர், என்னைவிட இளையவர், இணையத்தில் இதன் விலை மிகவும் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எட்டாவது படிக்கிற பையனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். சூப்பர் ஹீரோ விளையாட்டுதானே என்று அவர் எண்ணியதில் தவறில்லை. அட்டையில் இருப்பதும் பேட்மேன்தான். அவருக்கு நான் சொன்னது: வேண்டாம் தம்பி. முக்கியக் கதையில் வரும் கொடூரங்களாவது எப்போது வரும் என்று ஓரளவு கணிக்கலாம்; பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த உடல்கள் கதையின் போக்கில் வருபவை அல்ல. பையன் வேறு எதற்காகவோ பறந்துகொண்டிருக்கும்போது, இனிமையான பாட்டாக இருக்கிறதே என்று இறங்கிப் பார்த்தால் எதிரே நிற்கும். அதற்கு முன் எந்த எச்சரிக்கையும் இல்லை. ஒரு தயாரிப்பாளர் இவ்வளவு திறமையாகக் கண்ணி வைக்கும்போது, அதை வேண்டாம் என்று அணைத்துவைக்க அமைப்புப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டும்.

ஆறாவது உடலுக்குப் பிறகு தடயங்கள் சைனாடவுனில் உள்ள 'ப்ரிட்டி டால்ஸ் பார்லர்' என்ற அழகு நிலையத்துக்கு இட்டுச்செல்கின்றன. பிக்கின் இயற்பெயர் லாஸ்லோ வாலன்டைன். கிரான்ட் மாரிசன் 2007-இல் பேட்மேன் காமிக்ஸில் கொண்டுவந்த பாத்திரம். மனிதர்களைக் குறையற்றவர்களாக மாற்றுவதாக நம்பிக்கொண்டு அவர்களை அறுப்பவன். விளையாட்டில் அவனுக்குக் குரல் கொடுத்த டுவைட் ஷுல்ட்ஸ், ஒரு தாயின் கொஞ்சலையும் கசாப்புக்காரனின் அவசரத்தையும் ஒரே மூச்சில் கொண்டுவருகிறார். இத்தனை இருந்தும் அங்கே நடப்பது என்ன? வழக்கமான அடிதடி. டாலோட்ரான் என்று அழைக்கப்படும் பொம்மை முகமுடையவர்கள் கூட்டமாக வருகிறார்கள். வலியை உணராததால் விழுந்தாலும் எழுந்து வருகிறார்கள். நாமும் சதுரத்தையும் முக்கோணத்தையும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருக்கிறோம். அவர்களும் பிக்கின் கையில் சிக்கிய அப்பாவிகள்தான். வெளியே ஆறு உடல்களின் முன்னால் அமைதியாக நின்ற பேட்மேன், உள்ளே அதே கொடுமைக்கு ஆளாகி உயிரோடு இருப்பவர்களின் பல்லை உடைக்கிறார். அதைப் பற்றி விளையாட்டுக்கு ஒரு கணத் தயக்கமும் இல்லை. அந்த அறையில் ஒருமுறையாவது கையை நிறுத்தவைத்திருக்க வேண்டாமா? கடைசியில் பிக் காவல் நிலையச் சிறைக்குப் போகிறான். தேடப்படும் வில்லன்களின் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது.

இந்த நிறுவனத்துக்கு இது பழக்கமாகவே இருக்கிறது என்பதுதான் என் கோபத்தை அதிகமாக்குகிறது. 'ஆர்காம் சிட்டி'யில் முகங்களை அறுத்தெடுத்து, பேட்மேனின் நிஜ அடையாளமான புரூஸ் வெய்னின் முகத்தோடு தப்பிச்சென்ற தாமஸ் எலியட் என்ற ஹஷ், நான்கு ஆண்டுகள் நம்மைக் காத்திருக்கவைத்துவிட்டு, ஆர்காம் நைட்டில் வெய்ன் கோபுரத்தில் பேட்மேனின் உதவியாளரான லூஷியஸ் ஃபாக்ஸைப் பிணைக்கைதியாகப் பிடித்தபடி வந்து, சில நிமிடங்களில் முடிந்துபோகிறான். தேடவைப்பதில் இவர்களுக்கு இருக்கும் கலை, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு கடுமையானது: முழு மிஷனாகப் பார்த்தால் இது தோல்வி. வாங்க நினைக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறு உடல்களையும் தேடுங்கள், ஆறு பேரையும் அடையாளம் காணுங்கள், அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அழகு நிலையத்துக்குள் நுழைய வேண்டாம். கதையின் இறுதிக்கட்டமான நைட்ஃபால் புரோட்டோகாலைத் தொடங்க, தேடப்படுவோர் பட்டியலில் 7 மிஷன்களை முடித்தால் போதும்; மற்ற வில்லன்களைக் கொண்டு அந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம். முழு முடிவையும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு புதிர் போடும் வில்லன் ரிட்லரின் 243 சவால்களும் காத்திருக்கின்றன. அந்தப் பொறுமை உடையவர்கள் பார்லருக்கும் போய்க்கொள்ளட்டும். ஹெட்போன் மட்டும் கம்பியுள்ளதாக இருக்கட்டும்; பெரும்பாலான புளூடூத் ஹெட்போன்களைப் பிளேஸ்டேஷன் 4 நேரடியாக ஏற்பதில்லை, கன்ட்ரோலரின் 3.5 மி.மீ. துளையில் செருகும் சாதாரண ஹெட்போனே இதற்குப் போதும்.