டி.பி. பாக்ஸில் மாட்டும் டைப் 2 சர்ஜ் தடுப்பான்: வாங்கலாம், ஒயரை அளந்து மாட்டினால்

மதுரைக்குக் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே நீளமாக ஓடும் கம்பியில் மின்சாரம் வாங்கும் வீடுகளில் டிவியோ இன்வெர்ட்டரோ போவதற்கு வீட்டின் மேலேயே இடி விழ வேண்டியதில்லை. கொஞ்ச தூரம் தள்ளி விழுந்தாலும் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்பட்டு உள்ளே வந்துவிடும். அது வந்து போவது மைக்ரோ விநாடிகளில். எம்.சி.பி.யும் ஸ்டெபிலைசரும் அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்தத் திடீர் வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடத்தான் டி.பி. பாக்ஸில், அதாவது வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் போர்டில், மாட்டும் சர்ஜ் தடுப்பான் (எஸ்.பி.டி.).

சிங்கிள் பேஸ் வீட்டுக்கு 1+1 மாடல்தான் சரி. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வாயுக் குழாய் இருக்கும். வோல்ட்டேஜ் எகிறும்போது மட்டும் கரண்ட்டைக் கடத்திவிடும் பாகங்கள் இவை. வேரிஸ்டர் தேய்ந்தாலும் எர்த்தில் கரண்ட் கசியாது. பெட்டியில் தாங்கும் இடி கரண்ட் 20 கிலோ ஆம்பியர், அதிகபட்சம் 40, பாதுகாப்பு அளவு (இடி நேரத்தில் வீட்டுக்குள் விடும் வோல்ட்டேஜ்) 1.5 கிலோவோல்ட் அல்லது அதற்குக் கீழே என்று போட்டிருந்தால் போதும். தொடர்ந்து தாங்கும் வோல்ட்டேஜ் 275, 320 என இரண்டும் கிடைக்கின்றன, 320ஐ வாங்குங்கள். லோடு குறைந்த நேரத்தில் வோல்ட்டேஜ் 260ஐத் தாண்டும் ஊர்களில் 275 சீக்கிரம் தேய்ந்துவிடும். நியூட்ரல் அறுந்து 400 பக்கம் ஏறினால் 320ம் தாங்காது. அதற்கு ஓவர் வோல்ட்டேஜ் ரிலே தனியாக வேண்டும்.

நல்ல சாமானைக் கெடுப்பது மாட்டும் விதம். பேஸிலிருந்து எஸ்.பி.டி.க்கு வரும் ஒயர், அங்கிருந்து எர்த் பாருக்குப் போகும் ஒயர் இரண்டும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். இடி கரண்ட் ஏறும் வேகத்தில் ஒரு மீட்டர் ஒயரிலேயே சுமார் 1 கிலோவோல்ட் நின்றுவிடும். 1.5 போட்ட சாமான் அப்போது வீட்டுக்குள் 2.5ஐ விடும், சாதாரண வீட்டுச் சாதனங்கள் தாங்கும் எல்லையே அதுதான். 6 ஸ்கொயர் செம்பு ஒயர் போடுங்கள். மிச்ச ஒயரைச் சுருட்டி உள்ளே திணிப்பதைப் பல போர்டுகளில் பார்க்கலாம், வெட்டிவிடச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. (எர்த்தில் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அதற்கு முன்னால், மெயின் பக்கம் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு இடிக்கும் அது விழும். கம்பெனி சொல்லும் அளவில் பேக்கப் ஃபியூஸும் அவசியம்.

எர்த் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். டிஷ்ஷுக்கு ஒரு குழி, சோலாருக்கு ஒரு குழி என்று தனித்தனியாக விட்டால், இடி நேரத்தில் குழிகளுக்கு நடுவே எழும் வோல்ட்டேஜ் டிவி வழியாகத்தான் பாயும். எல்லாக் குழிகளையும் மெயின் எர்த் பாரில் ஒன்றாக இணைத்தே ஆக வேண்டும். டிஷ் கேபிளையும் பவர் ஒயரையும் சேர்த்தே இழுங்கள். தனித்தனிச் சுவரில் போனால் இடையில் பெரிய வளையம் உருவாகி, அதிலேயே வோல்ட்டேஜ் தூண்டப்படும்.

டி.பி.யிலிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் மாடி டிவிக்கு அதன் அருகிலேயே இன்னொன்று தேவை. வெளியே போகும் போர் மோட்டார் லைனுக்கும் அப்படியே. கூரையில் இடிதாங்கி வைத்த கட்டடத்துக்கு இது மட்டும் போதாது. மின்சாரம் நுழையும் இடத்தில், நேரடி இடியின் கரண்ட்டைத் தாங்கும் டைப் 1 வேண்டும்.

கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் உள்ளதையே வாங்குங்கள். கண்ணாடியில் பச்சை சிவப்பானால் வீட்டில் லைட்டும் ஃபேனும் வழக்கம்போல் ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. சித்திரைக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் மூடியைத் திறந்து பாருங்கள்.