டோர்ட்முண்ட் மஞ்சள் சுவர்: நின்று பார்க்கும் டிக்கெட் எப்படி இருக்கும்?

ஜெர்மனியின் டோர்ட்முண்டில் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது வீடு கிடைக்குமா என்று. அடுத்தது, டோர்ட்முண்ட் அணியின் கால்பந்து மேட்ச் பார்க்க முடியுமா என்று. வீட்டு விஷயத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். மேட்ச் பார்க்கலாம். அதுவும் தெற்கு ஸ்டாண்டில், 'மஞ்சள் சுவர்' என்று உலகம் சொல்கிற இடத்தில், நின்று பார்க்க வேண்டும்.

நான் வியாசர்பாடிக்காரி. முல்லை நகர் மைதானத்தில் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று மேட்ச் பார்த்து வளர்ந்தவள். அதனால் நின்று பார்க்கும் டிக்கெட் என்றதும் எனக்குத் தயக்கம் வரவில்லை. இதுவரை அந்த ஸ்டாண்டில் ஏழு மேட்ச் பார்த்திருக்கிறேன். இங்கே எழுதுவது முதல் மேட்சைப் பற்றி: 2022 அக்டோபர் 8, சனிக்கிழமை, பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஆட்டம்.

டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அடிபட்டேன். 81,365 பேர் கொள்ளும் ஸ்டேடியம் இது. ஜெர்மனியிலேயே பெரியது. ஆனால் அதில் சுமார் 55,000 இடங்கள் சீசன் கார்டு வைத்திருப்பவர்களுக்குப் போய்விடும். மிச்சத்தில் எதிரணி ரசிகர்களுக்கு ஒரு பங்கு, அப்புறம் கிளப் உறுப்பினர்களுக்கு முன்னுரிமை. பேயர்ன் வருகிற ஆட்டத்துக்குப் பொது விற்பனையில் டிக்கெட் கிடைக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. இது தெரியாமல் நான் இணையத்தில் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் 140 யூரோ கட்டினேன். அப்போது பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து (வெளிநாட்டு மாணவர்கள் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கும் கணக்கு) எனக்கு மாதம் 861 யூரோதான் வரும். அதில் ஆறில் ஒரு பங்கு அது. மேட்சுக்கு ஒன்பது நாள் முன்னால் 'டிக்கெட் தர இயலவில்லை' என்று இரண்டு வரியில் மெயில் வந்தது. பணம் திரும்பி வர டிசம்பர் ஆகிவிட்டது. அந்த மாதம் முழுக்க அரிசி, பருப்பு, முட்டைதான்.

நார்ட்ஷ்டாட் பக்கம் நான் மளிகை வாங்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். "காசைக் கொண்டுபோய் உதுக்குள்ள போட்டிட்டியே பிள்ளை! உன்னோட படிக்கிற டொச்சுப் பிள்ளையளைக் கேட்டிருக்கலாமே. இஞ்ச ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில கார்ட் கிடக்கும்" என்றார். கேட்டேன். ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் தோழியின் அப்பாவிடம் தெற்கு ஸ்டாண்ட் கார்டு இருந்தது. அவருக்கு அன்று மாலை ஷிப்ட். ஒரு ஆட்டத்துக்கு என்ன விலையோ அதைக் கொடுத்தால் போதும் என்றார். இருபது யூரோகூட ஆகவில்லை.

இந்த விலையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1989 ஹில்ஸ்பரோ நெரிசலுக்குப் பிறகு மேல்மட்ட கிளப்புகள் எல்லா இடங்களையும் இருக்கைகளாக மாற்றின. டிக்கெட் விலையும் ஏறியது. ஜெர்மனியில் உள்நாட்டு லீகுக்கு நின்று பார்க்கும் பகுதிகளை விட்டுவைத்தார்கள். டோர்ட்முண்டின் தெற்கு ஸ்டாண்டில் சுமார் 25,000 பேர் நிற்கலாம், ஐரோப்பாவிலேயே பெரியது. இந்த விலை இருப்பதால்தான் அங்கே பேருந்து ஓட்டுநரும் நர்ஸும் மாணவரும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து விமானம் பிடித்து வந்து பார்க்கிறவர்களும் உண்டு.

போகிற வழி. மேட்ச் டிக்கெட்டிலேயே அந்த வட்டாரத்தின் ரயில், பஸ் பயணம் அடக்கம். பல்கலைக்கழகத்திலிருந்து எஸ்1 ரயிலில் ஹவுப்ட்பான்ஹோஃப் என்ற மத்திய நிலையம், அங்கிருந்து யூ45 என்ற நகர ரயில் (யூ-பான்). கூட்டம் பிதுங்கும். நேரம் இருந்தால் நகர மையத்திலிருந்து க்ராய்ட்ஸ்ஃபியர்டல் வழியாக நடந்து போங்கள், முக்கால் மணி நேரம்தான். அந்தத் தெருக்களில் ஒவ்வொரு கடை வாசலிலும் மஞ்சள் சட்டைக்காரர்கள் பாட்டிலோடு நிற்பார்கள். வீடுகளின் கூரைக்கு மேலே ஸ்டேடியத்தின் மஞ்சள் இரும்புத் தூண்கள் தெரிய ஆரம்பித்ததும் எனக்கு நடை தானாக வேகமெடுத்தது.

6.30 மணி ஆட்டத்துக்கு நான் 4.30-க்கே வாசலில் நின்றேன். இதில் சமரசம் செய்யாதீர்கள். டிக்கெட்டில் பிளாக் எண் மட்டும்தான் இருக்கும். அந்த பிளாக்குக்குள் எங்கே நிற்பது என்பது முதலில் வந்தவருக்கே. பெரிய பை கொண்டுபோகாதீர்கள், ஏ4 தாள் அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் ஊழியர்கள் இருக்கிறார்கள், மரியாதையாக நடத்தினார்கள்.

உள்ளே போய்ப் படியேறி வெளியே வந்த அந்த நொடியை எப்படிச் சொல்வது? முதலில் கண்ணில் பட்டது புல்லின் பச்சை. அப்புறம் திரும்பி மேலே பார்த்தேன். தலைக்கு மேல், அதற்கும் மேல், கூரை வரைக்கும் ஆட்கள். சரிவு அவ்வளவு செங்குத்து. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். முன்னால் நிற்பவர் ஆறடியாக இருந்தும் அவர் தலைக்கு மேலாக மைதானம் முழுதும் எனக்குத் தெரிந்தது. குள்ளமானவர்கள் பயப்பட வேண்டாம், மேல்பகுதிக்குப் போங்கள். கீழே நடுவில் இருக்கும் 12, 13-ஆம் பிளாக்குகளில் கொடிகள் ஓயாமல் ஆடும். முதல் முறை போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

தோழியின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்: படிக்கட்டு ஓரமாக இரும்புத் தடுப்பு இருக்கும், அதற்குப் பின்னால் நில், முன்னால் நிற்காதே. காரணம் பிறகுதான் புரிந்தது. கோல் விழுந்தால் மேலிருந்து மொத்தக் கூட்டமும் கீழே சரிகிறது. தடுப்புக்குப் பின்னால் நின்றால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். முன்னால் நின்றால் பிடிமானம் கிடையாது.

பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். கைகள் வெட்டிய ஜீன்ஸ் ஜாக்கெட், அதில் இடமே தெரியாமல் தைத்த பழைய பேட்ஜுகள். 1997-இல் யுவென்டஸை 3-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் எடுத்ததற்கான பேட்ஜ் நெஞ்சுக்கு நேராக. என்னை ஒரு முறை பார்த்தார், தோழியின் அப்பா பெயரைச் சொல்லி, அவர் இடமா என்று கேட்டார். ஆமாம் என்றதும் தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒவ்வொரு கார்னர் கிக்குக்கும் அவர் குனிந்து பீர் கப்பை இரண்டு ஷூக்களுக்கும் நடுவில் வைப்பார். கார்னர் முடிந்ததும் எடுத்து ஒரு வாய் குடிப்பார். தொண்ணூறு நிமிடமும் ஒரு துளி சிந்தவில்லை.

ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஸ்கார்ஃபை இரண்டு கையாலும் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துப் பாடுகிறார்கள். என்னிடம் ஸ்கார்ஃப் இல்லை. பின்னால் நின்ற பெண் தன் ஸ்கார்ஃபின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். அப்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டம் நமக்கு எதிராகத்தான் போனது. 33-ஆவது நிமிடம் கோரெட்ஸ்கா, 53-இல் சனே. இரண்டுமே பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தவை. 0-2. நம் ஊரில் என்றால் பாதிப் பேர் வாயை மூடியிருப்பார்கள். இங்கே பாட்டு நிற்கவில்லை. இரண்டாவது கோல் விழுந்தபின்தான் சத்தம் கூடியது என்று சத்தியமாகச் சொல்வேன். கால் வழியாக கான்கிரீட் அதிர்வது தெரிகிறது. 74-ஆவது நிமிடம், அப்போது 17 வயதான டோர்ட்முண்டின் மூகோகோ ஒரு கோல் போட்டார். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் முதல் பெயரை மட்டும் கத்த, கடைசிப் பெயரை எண்பதாயிரம் பேர் திருப்பிக் கத்தினார்கள்.

அப்புறம் மொடெஸ்ட். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் டோர்ட்முண்டின் கோல் வேட்டைக்காரர் எர்லிங் ஹாலண்ட் மான்செஸ்டர் சிட்டி அணிக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்த ஹாலெருக்கு ஜூலையில் விரைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவசரமாகக் கொலோனிலிருந்து கொண்டுவந்தவர்தான் 34 வயது மொடெஸ்ட். கோல் வரவில்லை என்று எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். அன்றும் மாற்று ஆட்டக்காரராக வந்து, அருமையான வாய்ப்பு ஒன்றை வீணடித்தார். என்னைச் சுற்றி ஆயிரம் கைகள் தலையில். ஜீன்ஸ் ஜாக்கெட்காரர் மட்டும் "இன்னும் நேரம் இருக்கிறது" என்றார், மெதுவாக. 90-ஆவது நிமிடம் பேயர்னின் கோமான் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடம், பந்து உயரே வந்தது, மொடெஸ்ட் தலையால் முட்டினார். 2-2.

அந்த கோல் வலைக்குள் போனதை நான் பார்க்கவில்லை. முதுகில் ஒரு அலை மோதியது, தடுப்பின் இரும்பு வயிற்றில் அழுந்தியது, தலைமேல் பீர் கொட்டியது. யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எல்லாம் கொஞ்சம் அடங்கியபின் பார்த்தால், ஜாக்கெட்காரரின் கப் இரண்டு படி கீழே கவிழ்ந்து கிடந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரி, குறைகளும் உண்டு. சிகரெட் புகை. திறந்தவெளி என்பதால் யாரும் தடுப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் கிழக்கு அல்லது மேற்குப் பக்கம் இருக்கை டிக்கெட் பார்த்துக்கொள்ளுங்கள், விலை பல மடங்கு ஆனாலும். இடைவேளையில் பெண்கள் கழிவறைக்கு வரிசை நீளம். திரும்பி வந்தால் நம் இடம் அப்படியே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே நான்கு மணி நேரத்துக்குத் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியிருக்கிறது. எதிர்ப்பக்க கோல் அருகே நடப்பது பாதி ஊகம்தான். ஆஃப்சைடா இல்லையா என்று அங்கிருந்து சொல்லவே முடியாது. ஆட்ட நுணுக்கத்தை உட்கார்ந்து கவனிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றமாக இருக்கும்.

சாப்பாடு என்றால் பன்னுக்குள் வைத்த பிராட்வுர்ஸ்ட் என்ற சாசேஜ், மேலே கடுகு சாஸ். தணலில் சுட்டு நேராகக் கையில் தருகிறார்கள், நன்றாக இருக்கிறது. பொதுவாக அது பன்றி இறைச்சி. சைவக்காரர்களுக்கு பிரெட்சல், உருளைக்கிழங்கு வறுவல். கப்புக்கு முன்பணம் உண்டு, திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகிற பெண்களுக்கு: எனக்கு ஒரு முறைகூட அசௌகரியம் வந்ததில்லை. நெரிசலில் யாராவது இடித்துவிட்டால் உடனே திரும்பி மன்னிப்புக் கேட்கிறார்கள். முடிந்து வரும்போது யூ-பான் நிலையத்தில் நின்று மல்லாடாதீர்கள், கூட்டத்தோடு நடந்தே மையத்துக்கு வந்துவிடலாம். வழி முழுக்க ஆள் இருக்கும்.

அந்த டிராவில் கிடைத்த ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு என்று 2023 மே மாதம் தெரிந்தது. பருவம் முடிந்தபோது டோர்ட்முண்டுக்கும் 71 புள்ளி, பேயர்னுக்கும் 71. கோல் வித்தியாசத்தில் பேயர்ன் சாம்பியன். கடைசி நாள் சொந்த மைதானத்தில் மைன்ஸோடு மறுபடியும் 2-2. அன்று எனக்கு டிக்கெட் இல்லை, க்ராய்ட்ஸ்ஃபியர்டலில் ஒரு கடை வாசல் திரையில் பார்த்தேன். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் தொண்டை அடைக்கிறது.

இப்போது நான் கிளப் உறுப்பினர். சின்ன ஆட்டங்களுக்கு உறுப்பினர் விற்பனையில் நின்று பார்க்கும் டிக்கெட் அவ்வப்போது கிடைக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஆக்ஸ்பர்க் மாதிரி அணிகள் வரும் நாளைப் பாருங்கள். கிளப்பின் சொந்த மறுவிற்பனைப் பகுதியைத் தவிர வேறெங்கும் பணம் கட்டாதீர்கள்.

திங்கட்கிழமை கார்டைத் திருப்பிக் கொடுக்க யாழ்ப்பாணத்து அண்ணா கடை முறுக்கு ஒரு பாக்கெட்டோடு தோழி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், "தடுப்புக்குப் பின்னால்தானே நின்றாய்?" என்றார். சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றில் கன்றியிருந்த கோட்டைக் காட்டினேன். சிரித்துவிட்டு முறுக்கைப் பிரித்தார்.