கிருமிநீக்கக் கட்டணம் 1,180 ரூபாய், கணக்கில் வராத ஓட்டம் 81 கிலோமீட்டர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். யார் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பதை லாக்டோமீட்டரை அமிழ்த்தும் முன்பே கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று சங்கத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஒரு கார் சர்வீஸ் நிலையம் கெடுத்துவிட்டது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் நடந்தது இது. வண்டியை சர்வீஸுக்கு விடுகிறவர்களும், புது வண்டி ஓட்டிப் பார்க்கப் போகிறவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

2020 மார்ச் 25 ஊரடங்கில் நிறுத்திய கார். இடையில் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போன நான்கைந்து தடவை தவிர அக்டோபர் வரை அது அசையவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது. போதாததற்கு எலி வேறு பானெட்டுக்குள் குடித்தனம் நடத்தி ஒரு வயரைக் கடித்துவைத்திருந்தது. வண்டி வாங்கியது கோயம்புத்தூரில், சர்வீஸும் அங்கேதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பக்கம் போக இ-பாஸ் வேண்டும், திரும்பி வரக் கேரளத்தின் ஜாக்ரதா தளத்தில் பதிய வேண்டும். முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு வெளிநாட்டுப் பயணம் மாதிரி.

போனில் பேசிய பெண் தேனாகப் பேசினாள். "நீங்கள் வரவே வேண்டாம் மேடம். எல்லைச் செக்போஸ்ட் இருக்கும் வேலந்தாவளம் வரை எங்கள் டிரைவர் வந்து எடுத்துக்கொள்வார். ஏசியை ஓடவிட்டு உள்ளே முழுக்கப் புகை அடித்து, கிருமிநீக்கம் செய்துதான் திருப்பித் தருவோம்." வீட்டில் 76 வயதான அத்தை இருக்கிறார், ஆஸ்துமாக்காரர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சரி என்றேன்.

பக்கத்து லாரிக்காரர் கேபிள் போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். செக்போஸ்ட் அருகே வந்த டிரைவர் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் இருந்தார். சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை, ஸ்டீயரிங்குக்கு ஓர் உறை, காலடியில் காகிதம், கையில் உறை. எனக்குப் பூரித்துப்போய்விட்டது. அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, "பாருங்கள், இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். பழக்கதோஷத்தில் கிலோமீட்டர் எண்ணையும் படம் எடுத்தேன். 41,386.

மூன்றாம் நாள் அதே இடத்தில் வண்டி திரும்ப வந்தது. எலுமிச்சை வாசனை தூக்கியது. கண்ணாடியில் 'கிருமிநீக்கம் செய்யப்பட்டது' என்று பச்சை ஸ்டிக்கர். பில்லில் கிருமிநீக்கம் 1,000, ஜிஎஸ்டி 180. ஏசிக் காற்று வடிகட்டி மாற்றியதற்கு வரியோடு 640. அன்றே ஆன்லைனில் கட்டினேன்.

இரவு பில்லைக் கோப்பில் வைக்கும்போதுதான் எண் உறுத்தியது. வண்டி பட்டறைக்குள் நுழைந்தபோது ஜாப் கார்டில் எழுதியது 41,412. அதாவது வேலந்தாவளத்திலிருந்து அங்கே 26 கிலோமீட்டர். திரும்பி வர இன்னொரு 26. என் கைக்கு வந்தபோது எண் 41,519. கூட்டிக் கழித்தால் 81 கிலோமீட்டருக்குக் கணக்கில்லை. வேலை முடிந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள், தெரியும். அதற்கு ஐந்து கிலோமீட்டர் போதும், பத்து என்றாலும் ஒப்புக்கொள்வேன்.

தம்பி மாட்டிக் கொடுத்த கேமரா ஒன்று வண்டியில் உண்டு. சாலையையும் பார்க்கும், உள்ளேயும் பார்க்கும், சாவியைத் திருகினால் தானாகப் பதியத் தொடங்கும். கழற்ற அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கார்டை எடுத்து மடிக்கணினியில் போட்டேன்.

வெள்ளை உடுப்பு செக்போஸ்ட் தாண்டிய மூன்றாம் நிமிடமே கழன்றது. வெயிலில் அந்த உடுப்போடு ஓட்டச் சொன்ன முதலாளியை அல்லவா உட்காரவைக்க வேண்டும்! அது போகட்டும். மறுநாள் மாலை நான்கு பேர் ஏறினார்கள். எல்லாக் கண்ணாடியும் மேலே, ஏசி முழு வேகத்தில், முகக்கவசங்கள் தாடையில். ஒரு கல்யாண மண்டபம், ஒரு டீக்கடை, பிறகு யாரையோ வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். என் வண்டி வேலைக்குப் பொறுப்பாக இருந்த, நான் 'அட்வைசர் சார்' என்று மரியாதையாகப் பேசியவர் முன்சீட்டில் இருந்தார். டெலிவரியன்று காலை ஒரு பையன் கதவைத் திறந்து டேஷ்போர்டில் இரண்டு முறை வாசனைத் திரவம் அடித்து ஸ்டிக்கரை ஒட்டினான். நாற்பது நொடி. என் 1,180 ரூபாயின் கிருமிநீக்கம் அதுதான். மறுநாள் காலையில் டேஷ்போர்டின் கையுறைப் பெட்டியின் இரு பக்கத்தையும் அமுக்கி இறக்கி வடிகட்டியை உருவினேன். எங்கள் வாசல் குல்மொஹர் இலைச் சருகு அப்படியே அதில் இருந்தது.

இதுவரை திருட்டு. அடுத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. நான்கு நாள் கழித்து அட்வைசரிடம் சண்டை போடலாம் என்று போன் செய்தால், வரவேற்பில் இருந்த பெண் வாய்தவறி, "அவருக்குப் பாசிட்டிவ் மேடம், லீவில் இருக்கிறார்" என்றாள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை அந்தக் காரில் அதற்குள் ஒருமுறை போய் வந்துவிட்டார். நான் ஆஷா பணியாளரிடம் (எங்கள் பகுதி சுகாதாரப் பணியாளர்) சொல்ல, அவர் ஏற்பாடு செய்ய, இருவருக்கும் பரிசோதனை. நெகட்டிவ்தான். ஆனாலும் ஒன்பது நாள் அத்தையின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு, அதில் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தேன். "நான் என்னடி தப்பு செய்தேன்?" என்று உள்ளிருந்து கேட்பார்.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் வைரஸ் மூன்று நாள் வரை தாக்குப்பிடிக்கும் என்று 2020 மார்ச்சில் வந்த ஆய்வு நம் எல்லோரையும் ஸ்டீயரிங்கைத் துடைக்கவைத்தது. துடைப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே காரில் இருக்கிறவர்களுக்குப் பெரிய ஆபத்து மூடிய கண்ணாடிக்குள் சுழலும் மூச்சுக்காற்று. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தார் கணினியில் கணித்துப் பார்த்ததில், நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தால்தான் காற்று நன்றாக மாறுகிறது. மழை என்றால் இரண்டையாவது இறக்குங்கள். ஏசி வேண்டுமென்றால் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். புகை அடிப்பதையோ, கட்டடங்களுக்குள் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆக, ஒழுங்காக அடித்திருந்தாலும் அந்த ஆயிரம் ரூபாய் தண்டம்தான்.

வீட்டிலேயே சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீர்த் துணி போதும். வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்புக்குக் கரைந்துவிடும். பாலில் கொழுப்பு அளக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம். பிளீச்சிங் கரைசலைக் காருக்குள் கொண்டுபோகாதீர்கள், சீட் பெல்ட்டையும் உலோகத்தையும் அரிக்கும். ஆல்கஹால் சானிடைசரை உள்ளே தெளித்துக் கதவை மூடி வைக்கவும் வேண்டாம். அதன் ஆவி தீப்பற்றும்.

இந்தக் கூத்துக்குப் பிறகு வேறு வண்டி பார்க்கலாம் என்று பாலக்காட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். முன்னால் ஓட்டிப் பார்த்த குடும்பம் இறங்கி மூன்று நிமிடம் ஆகவில்லை, அதே சாவியை என் கையில் கொடுத்தார்கள். நான் துடைத்தேன். நான்கு கதவையும் திறந்து பத்து நிமிடம் காத்திருந்தேன். விற்பனையாளரைப் பின்சீட்டில் இடது மூலைக்கு அனுப்பிக் கண்ணாடிகளை இறக்கச் சொன்னேன். "ஏசியைப் பார்க்க வேண்டாமா சேச்சி?" என்றான் பாவம். கணவாய்க் காற்று அடிக்கிற ஊரில் எனக்கு எதற்கு ஏசி?

பணம் எப்படித் திரும்பியது என்று கேட்பீர்கள். முதலில், "வீட்டில் சார் இருந்தால் பேசச் சொல்லுங்கள்" என்றார் மேலாளர். சார் இல்லை, கேமராப் பதிவு இருக்கிறது என்றேன். எல்லையில் வாழும் நமக்கு ஒரு வசதி: 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. பாலக்காட்டில் போடப்போகிறேன் என்று கடிதத்தில் எழுதி, இரண்டு படங்கள், ஜாப் கார்டு, அந்த நாற்பது நொடி எல்லாவற்றையும் இணைத்துக் கார் கம்பெனியின் தலைமையகத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் வாரம் 1,820 ரூபாய் கணக்கில் ஏறியது. தொற்றை மறைத்ததற்கு மட்டும் இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை.

அடுத்த சர்வீஸை எங்கள் ஊரிலேயே, புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் விட்டேன். சுவரே கிடையாது, காற்று தாராளம். மாலையில் போனபோது கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார். கழற்றிய பழைய வடிகட்டியையும் பிரேக் பேடுகளையும் ஒரு சாக்கில் கட்டி, நான் கேட்காமலே டிக்கியில் வைத்திருந்தார். எண்ணைப் பார்த்தேன். நான்கு கிலோமீட்டர் கூடியிருந்தது.