கோல்ஃப் கிளப் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோல்ஃப் மட்டைக்கு, அதாவது கிளப்புக்கு, இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. முழுசாக இரண்டு மாதச் சம்பளம். நேற்று சாயங்காலம்தான் குட்டு உடைந்தது. இன்று காலை கடைக்காரர்கள் போனில் பேசிய பேச்சுக்கு அப்புறம் ஆத்திரம் அடங்கவே இல்லை. கோல்ஃப் பழக ஆரம்பித்திருப்பவர்கள், ஆரம்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப்போகிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். கோல்ஃப் சாமான் மட்டுமே விற்கிற பெரிய கடை. உள்ளேயே வலை கட்டி, திரை வைத்து, ‘இலவச ஃபிட்டிங்’ (ஆளுக்கு ஏற்றபடி கிளப்புக்கு அளவெடுப்பது) என்று போர்டு மாட்டியிருப்பார்களே, அந்த ரகம்.

“விசாரிச்சு வாங்கியிருக்கலாமே” என்று ஏற்கெனவே சிலர் சொல்லிவிட்டார்கள். விசாரிக்கத்தான் அங்கே போனேன். புதிதாக ஆட வருகிறவனுக்கு எந்தக் கிளப் பொருந்தும், எது பொருந்தாது என்று வேறு யாரிடம் கேட்பது? ஃபிட்டிங் என்று போர்டு வைத்திருப்பவனிடம்தானே கேட்க முடியும்?

அந்த ஃபிட்டர் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். வந்தவுடன் எதையும் விற்கப் பார்க்கவில்லை. உட்கார வைத்து, முன்னே கையிலோ முதுகிலோ அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரைக்கும் டேப் வைத்து அளந்தார். 7-ஆம் நம்பர் ஐயன் என்கிற இரும்புத் தலை கிளப்பின் முகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அடிக்கச் சொல்லி, பந்து பட்ட தழும்பைக் காட்டி, “பாருங்க சார், நுனியில படுது, நடுவுல படணும்” என்று பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அங்கேதான் முழுசாக நம்பினேன்.

திரையில் நான் டிரைவரை (தூரமாக அடிப்பதற்கான நீளமான கிளப்) வீசுகிற வேகம் மணிக்கு 80 மைலுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அதை வைத்து ஷாஃப்ட் விஷயத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கிளப்பின் தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கு எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்து போட்டிருப்பார்கள். எல் ரொம்ப வளையும், எக்ஸ் ரொம்ப விறைப்பு. எஸ் எல்லாம் பொதுவாக 95 மைலைத் தாண்டி வீசுகிறவர்களுக்கு. “உங்களுக்கு ஆர்தான் சார். எஸ் கொடுத்தா பந்து தாழ்வாப் போகும், வலப்பக்கமே இழுக்கும், கை வேற வலிக்கும். ஸ்டாக்கைத் தள்ளிவிடறதுக்காக அதையே கட்டிக் கொடுக்கிற கடையெல்லாம் இருக்கு” என்று அவர் வாயாலேயே சொன்னார். இந்த வார்த்தையைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்து எண்ணிக்கை. “ரூல்படி பையில 14 கிளப் இருக்கணும் சார்” என்றார். பச்சைப் பொய். விதி சொல்வது 14-க்கு மேல் போகக்கூடாது என்று. குறைந்தது இத்தனை வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஆட்டக்காரர்கள் அளவுக்கு மீறி அடுக்கிக்கொண்டு வந்ததைக் கட்டுப்படுத்தத்தான் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-இல் அந்த வரம்பையே கொண்டுவந்தது. சிக் எவன்ஸ் என்கிற ஆட்டக்காரர் 1916-இல் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியை வெறும் 7 கிளப் வைத்துக்கொண்டு ஜெயித்திருக்கிறார். யு.எஸ். ஓப்பனுக்கே 7 போதுமாக இருந்திருக்கிறது, முதல் பந்தைக்கூடச் சரியாக அடிக்கத் தெரியாத எனக்கு 14. அதிலும் 3, 4 நம்பர் ஐயன்கள். பழகினவர்களே அவற்றை ஒதுக்கிவிட்டு, அடிக்கச் சுலபமான ஹைபிரிட் கிளப்பை வைத்துக்கொள்கிற காலம் இது.

செட் வந்தது. ஒவ்வொரு தண்டிலும் கடையின் வெள்ளை லேபிள்: என் பெயர், நீளம், பக்கத்தில் ‘ஆர்’. மேலே கண்ணாடி டேப் சுற்றியிருந்தார்கள். “உங்க அளவுக்கே செஞ்சது சார், மாறிப் போயிடக்கூடாதுன்னு ஒட்டியிருக்கோம்” என்று சொல்லிக் கையில் கொடுத்தார்கள்.

அடிக்க ஆரம்பித்ததிலிருந்து பந்து தாழ்வாகத்தான் போனது, வலப்பக்கம்தான் போனது. மணிக்கட்டில் வலி. கடையில் போய்ச் சொன்னேன். “ஸ்விங் இன்னும் செட் ஆகலை சார், கிளப்பு மேல பழி போடாதீங்க” என்றார்கள். மறுபடி போனபோது, “பயிற்சி எடுங்க” என்றார்கள். சரி என்று டிரைவிங் ரேஞ்சில் (பந்து அடித்துப் பழகுகிற இடம்) சான்றிதழ் பெற்ற ஒரு கோச்சிடம் சேர்ந்தேன். அவர்தான் நேற்று என் 7-ஆம் நம்பரை வாங்கி இரண்டு தரம் வீசிப் பார்த்தார். முகம் மாறியது. “தம்பி, இது ஆர் மாதிரி இல்லையே. யாரு கொடுத்தது?” என்று கேட்டுவிட்டு லேபிளைத் தடவினார். “இதைப் போய் எதுக்கு இந்த இடத்துல ஒட்டியிருக்காங்க?”

டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, லேபிளை மெதுவாக உரித்தார். பசை நூல்நூலாக இழுபட்டு வந்தது. அதற்கு அடியில் ஷாஃப்ட் கம்பெனி ஒட்டின வெள்ளி நிறப் பட்டை. அதில் ‘எஸ்’. அடுத்த கிளப்பை எடுத்தார், ‘எஸ்’. டிரைவரின் தண்டில் அச்சடித்திருந்ததையும் மறைத்துத்தான் லேபிள் ஒட்டியிருந்தார்கள். அதிலும் ‘எஸ்’. பட்டரை (பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற கிளப்) விட்டால் நாங்கள் உரித்துப் பார்த்த அத்தனையிலும் அதேதான். எனக்கு எது பொருந்தாது என்று சொன்னாரோ அதையே கட்டி, மேலே என் பெயரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தெரியாமல் நடந்தது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

ரேஞ்சிலிருந்து நேராகக் கடைக்குத்தான் போனேன். அளந்து பார்த்த அந்த ஃபிட்டர் லீவாம். கவுன்ட்டரில் இருந்தவர் கிளப்பைக் கையில்கூட வாங்கவில்லை. “லேபிள் கிழிஞ்சிருக்கே சார், கிழிஞ்சா வாரன்ட்டி கிடையாது” என்றார். என்னை ஏமாற்ற ஒட்டின லேபிளை நான் கிழித்ததால் வாரன்ட்டி போய்விட்டதாம்! மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அரைமணி நேரம் நிற்க வைத்துவிட்டு, “மீட்டிங்ல இருக்கார், போட்டோ எடுத்து மெயில் பண்ணுங்க” என்றார்கள்.

அனுப்பினேன். இன்று காலை கடையிலிருந்து ஒருவர் போன் செய்தார். கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார். கஸ்டமாகச் செய்யவே இல்லை என்பதுதானே என் புகார் என்றேன். “பில்லுல ஆர்னு எங்கயாவது எழுதியிருக்கா சார்?” என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன். ‘கோல்ஃப் செட் - 14’ என்று ஒரே வரி. ஃபிளெக்ஸ் (தண்டு வளைகிற அளவு) இல்லை, நீளம் இல்லை, ஷாஃப்ட் பெயர்கூட இல்லை. அளவெல்லாம் குறித்த நோட்டு எங்கே என்று கேட்டால், அது “உள் உபயோகத்துக்கு” என்றார். கடைசியில் பெரிய மனசு பண்ணி, “போகப்போக உங்க வேகம் கூடும் சார், அப்ப இதுவே சரியா இருக்கும்” என்றார். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? வேண்டுமானால் கிளப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம், ‘பழைய செட்’ விலைக்கு. அவர் சொன்ன தொகை அரை மாதச் சம்பளத்துக்குக்கூட வராது.

எங்கே வாங்கலாம், என்ன வாங்கலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கிற மனநிலையில் இவ்வளவுதான் முடியும்.

முதல் பணத்தைக் கோச்சுக்குக் கொடுங்கள், கடைக்கு அல்ல. கிளப் விற்று அதில் கமிஷன் பார்க்காத கோச்சாக இருக்க வேண்டும், அதையும் கேட்டுவிடுங்கள். நிறைய ரேஞ்சுகளில் கிளப் வாடகைக்கே கிடைக்கும். ஸ்விங் ஒரு நிலைக்கு வரும்வரை அது தாராளமாகப் போதும். நான் அளவெடுத்தபோது என் ஸ்விங்கே இன்னும் உருவாகவில்லை, எதை அளந்தார்கள் என்று கோச் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாங்கினால் அரை செட் வாங்குங்கள். ஒரு ஹைபிரிட், 7, 9 நம்பர் ஐயன்கள், மணல் குழியிலிருந்து அடிக்க ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். ஐயன் என்றால் பின்பக்கம் குழிவான கேவிட்டி பேக் ரகம். குழிவில்லாத பிளேடு ரகத்தைக் காட்டி ‘புரோக்கள் ஆடுவது’ என்றால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். டிரைவருக்கு அவசரமில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்றால் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 10.5 டிகிரிக்குக் குறையாமல்.

பழைய கிளப் வாங்குவதில் தப்பே இல்லை, ஆனால் போலி நிறைய நடமாடுகிறது. தண்டு தலையோடு சேரும் இடத்தில் சீரியல் நம்பர் இருந்தால் தயாரித்த கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள். டைட்டானியம் டிரைவர் என்று விற்பதன் உடம்பில் காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை.

தண்டில் எந்த லேபிள் இருந்தாலும் கடையிலேயே, அவர்கள் கண்முன்னாலேயே உரித்துப் பாருங்கள். ஷாஃப்ட் பெயர், ஃபிளெக்ஸ், நீளம், லாஃப்ட் நான்கும் பில்லில் வர வேண்டும். அளவெடுத்த நோட்டுப் பக்கத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

உரித்த லேபிள்களை ஒன்று விடாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நுகர்வோர் புகாரோடு அதுவும் போகிறது. இதே மாதிரி லேபிள் ஒட்டின கிளப் உங்களிடமும் இருந்தால் இன்றைக்கே உரித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.