நிட்டிங்கா, குரோஷேவா: முதலில் எதைக் கையில் எடுப்பது?

பின்னக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நிட்டிங் என்றால் இரண்டு ஊசிகளால் நூலைப் பின்னுவது, குரோஷே என்றால் ஒற்றைக் கொக்கியால் பின்னுவது. இரண்டும் பின்னுகிறவள் என்ற முறையில் என் பதில்: குரோஷேயில் தொடங்குங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வேகத்தையோ அழகையோ வைத்து இதைச் சொல்லவில்லை. தவறு நேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை வைத்துச் சொல்கிறேன். குரோஷேயில் ஒரு ஸ்டிச் முடிந்ததும் கொக்கியில் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம். தப்பாகிவிட்டதா? கொக்கியை உருவிவிட்டு நூலை இழுங்கள். வேண்டிய இடம்வரை பிரித்து, அந்தக் கண்ணியில் கொக்கியை மாட்டித் தொடரலாம். நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே காத்திருக்கும். 40 போட்டால் 40-ம் திறந்தபடிதான். ஒன்று நழுவினால் போதும், ஏணிப்படிபோல வரிசை வரிசையாகக் கீழே அவிழ்ந்துகொண்டே போகும். மீட்க வழி இருக்கிறது: நழுவிய கண்ணிக்குள் ஒரு குரோஷே கொக்கியை விட்டு, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதன் வழியே இழுத்து மேலே ஏற்ற வேண்டும். நிட்டிங் மட்டுமே செய்பவர்களும் பையில் ஒரு கொக்கி வைத்திருப்பது இதற்குத்தான். ஆனால் முதல் வாரத்திலேயே இது நடந்து, ஊசியைத் தூக்கி வைத்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர். அது எனக்கு வருத்தம்.

குரோஷேயில் தொல்லை ஓரத்தில் இருக்கிறது. வரிசையின் கடைசி ஸ்டிச் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விட்டுவிடுவோம். நான் முதலில் போட்ட சதுரம் 30 ஸ்டிச்சில் தொடங்கி 22-இல் வந்து நின்றது. வரிசையின் முதல் ஸ்டிச்சிலும் கடைசி ஸ்டிச்சிலும் ஓர் ஊக்கு மாட்டி, ஒவ்வொரு வரிசையையும் எண்ணத் தொடங்கிய பிறகுதான் ஓரம் நேரானது. இன்னொன்று: அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் ஸ்டிச்சைத்தான் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கிறார்கள். செய்முறை எந்த நாட்டு வழக்கில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, நிட்டிங்குக்கு என்ன பெருமை? துணிதான். திருப்பூர் பனியன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள், பொடிப்பொடியாக அதே நிட்டிங் கண்ணிகள் தெரியும். மெல்லியது, இழுத்தால் நீளும், உடம்போடு ஒட்டி விழும். குரோஷே தடித்து நிற்கும், நூலும் கூடுதலாக இழுக்கும். அதனால் பை, பொம்மை, மேசை விரிப்பு, பூ வேலைக்கெல்லாம் குரோஷே. ஸ்வெட்டர், காலுறை என்றால் நிட்டிங்.

நூல் இரண்டுக்கும் ஒன்றே போதும்: நடுத்தரத் தடிமனில், வெளிர் நிறத்தில், முடி சிலும்பாத அக்ரிலிக் உல்லன். கறுப்பு வேண்டாம், கண்ணியே தெரியாது. கொக்கியோ ஊசியோ 4 அல்லது 5 மில்லிமீட்டர். நிட்டிங் ஊசி மட்டும் மூங்கிலில் வாங்குங்கள். அலுமினியத்தில் கண்ணி வழுக்கும். அப்புறம், நூலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். எல்லாப் புதியவர்களும் இறுக்குகிறார்கள்.

அந்த விதிவிலக்கு இதுதான்: ஊட்டிக் குளிருக்கோ பேரக்குழந்தைக்கோ ஸ்வெட்டர் போட வேண்டும் என்பதே உங்கள் ஆசை என்றால், குரோஷேயைச் சுற்றிக்கொண்டு வராதீர்கள். நேராக ஊசியை எடுங்கள். 25 கண்ணி போட்டு, எல்லா வரிசையிலும் நிட்டிங்கின் அடிப்படையான நிட் ஸ்டிச் மட்டும் போட்டு ஒரு மஃப்ளர் பின்னுங்கள். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நிட்டையே திருப்பிப் போடும் ஸ்டிச்) என்று மாற்றினால் ஓரம் சுருண்டுகொள்ளும், அதை இரண்டாவது மஃப்ளருக்கு வைத்துக்கொள்ளலாம்.