உப்பைக் குறைப்பதா, மாற்று உப்புக்குப் போவதா?

நாளுக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. வேலூர் வீடுகளில் முதல் பதில், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே". அடுத்த பதில், கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பு, அதாவது மாற்று உப்பு.

குறைப்பது என்றால் கணக்கு எளிது. நால்வருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இதில் அடக்கம். ஒரேயடியாகப் பாதியாக்கினால் சாப்பிடும்போது உப்பு ஜாடி வந்துவிடும் (வந்தே தீரும்). வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் குறைத்து வாருங்கள். முள்ளுக் கத்திரிக்காய்க் காரக்குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் உப்பும் கூடக் கேட்கும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும்.

மாற்று உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். குழம்பில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ரசத்திலும் மோரிலும் லேசாகக் கசக்கலாம். ருசி போதவில்லை என்று கூடப் போட்டால் மாற்றியதில் பலனில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. இவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம்; அளவுக்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வயதானவர்களுக்கும் சேர்த்து ஒரே பானையில் சமைக்கும் வீட்டுக்கு, உப்பைக் குறைக்கும் முதல் வழியே சரி.